சிந்தெடிக் என்றொரு மாய வார்த்தை

நாட்றம்பள்ளியில் பைக்குக்கு ஆயில் மாற்றப் போனால் கடையில் கேட்பது ஒன்றுதான்: "சாதாவா, சிந்தெடிக்கா?" சிந்தெடிக் என்றால் விலை கணிசமாக ஏறும். வண்டி மேல் பாசம் உள்ளவர் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே வாங்குவார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கடைக்காரரைக் கேட்டால் அவருக்கும் தெரியாது. பாவம், டப்பாவிலேயே இல்லையே!

இன்ஜின் ஆயிலில் பெரும்பங்கு பேஸ் ஆயில், மிச்சம் அடிட்டிவ். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐ, பேஸ் ஆயிலை ஐந்து குரூப்பாகப் பிரித்திருக்கிறது. 1, 2, 3 பெரும்பாலும் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பவை. அதில் 3 என்பது ஹைட்ரஜனோடு கடும் அழுத்தத்தில் பக்குவப்படுத்திய உயர்தரம். 4 என்பது பிஏஓ, சின்ன மூலக்கூறுகளைக் கோத்து ஆலையில் கட்டியது. இதிலெல்லாம் சேராதது 5.

முன்பெல்லாம் சிந்தெடிக் என்றால் பிஏஓவும் எஸ்டரும்தான் என்று தொழிலில் பலர் நினைத்தார்கள். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் காஸ்ட்ரால் தன் சிந்தெக் ஆயிலில் பிஏஓவுக்குப் பதில் குரூப் 3ஐ ஊற்றியது. டப்பாவில் சிந்தெடிக் என்ற சொல் மட்டும் அப்படியே இருந்தது. மொபில் புகார் செய்தது. விளம்பரத் தகராறுகளை விசாரிக்கும் என்ஏடி, 1999ல் காஸ்ட்ரால் பக்கமே சாய்ந்தது. (அது கோர்ட் இல்லை. விளம்பரத்துறை தனக்குத்தானே வைத்துக்கொண்ட பஞ்சாயத்து!) அதோடு அந்தச் சொல் வேதியியலை விட்டு விளம்பரத்துக்குக் குடிபோய்விட்டது.

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து ஆட்களுக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டாம். தோலைப் பிளந்தால் மேல்பக்கம் கிரெய்ன், அடிப்பக்கம் ஸ்பிளிட். ஸ்பிளிட்டின் மேல் பூச்சடித்து, கிரெய்ன் மாதிரி அச்சுப் போட்டு, "ஒரிஜினல் லெதர்" என்று விற்றால் அது பொய்யில்லை, தோல்தானே! ஆனால் டேனரியில் வேலை பார்த்தவர் அதற்கு கிரெய்ன் விலை கொடுப்பாரா? தோலையாவது தடவிப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆயிலை எதை வைத்துச் சொல்வது?

"குரூப் 3 நல்லாத்தானே ஓடுது?" என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. ஓடும், நன்றாகவே ஓடும். வழக்கு அதுவல்ல... எதை வாங்குகிறோம் என்று தெரியாமலே காசு கொடுப்பதுதான் வழக்கு. ஜெர்மனியில் இந்த வகையை "எச்சி சிந்தெஸ்" என்று தனிப்பெயரில் விற்கிறார்கள். இங்கே 2011ன் பொட்டலப் பொருள் விதிகள் விலை, அளவு, தயாரிப்பாளர் முகவரி எல்லாம் கேட்கின்றன. கூடவே குரூப் எண்ணையும் அச்சடிக்கச் சொன்னால் எவ்வளவு மை செலவாகிவிடும்?

அதுவரைக்கும் டப்பாவில் பார்க்க வேண்டியது பொடி எழுத்தைத்தான். 10டபிள்யூ-30 என்றால் முதல் எண் குளிரில் ஆயில் இளகும் விதம், அடுத்தது 100 டிகிரியில் அதன் கெட்டி. "வெயில் ஊரு, கெட்டியா ஊத்துங்க" என்று யார் சொன்னாலும் சரி, வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் எண்தான் கணக்கு. கியர் பைக் என்றால் பெரும்பாலும் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 கேட்கும். அதில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் ஊறிக் கிடக்கிறது. எவ்வளவு உசத்தியான சிந்தெடிக்காக இருந்தாலும் கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். அப்புறம் ஏலகிரி கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் மட்டும் உறுமும், வண்டி ஏறாது.