அளவுக்குச்சியை அகற்றலாமா?



காய்ச்சல் கண்ட குழந்தையின் உடல் வெப்பத்தைத் தாய் அளக்கக் கூடாது, மருத்துவர்தாம் அளக்கவேண்டும் என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? அமெரிக்காவில் ஓடும் பல மினிவேன்களின் கியர்ப்பெட்டிக்கு இன்று இந்த நிலைதான்.

மினிவேன் என்பது ஏழெட்டுப் பேர் வரை அமரக்கூடிய குடும்ப வண்டி. கிரைஸ்லர் நிறுவனம் 1984ஆம் ஆண்டு மாடலாக டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர் ஆகியவற்றை வெளியிட்டபின் அங்கே இது பெரிதும் பரவியது. இவ்வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கிளட்ச் மிதி இல்லை. கியர் தானாகவே மாறும். இந்த வேலையைச் செய்வது பெட்டிக்குள் இருக்கும் ஒரு திரவம். எஞ்சினின் சுழற்சியை டார்க் கன்வெர்ட்டர் வழியாகக் கடத்துவது, அழுத்தத்தால் கிளட்ச் தட்டுகளை இறுக்குவது, உராய்வைக் குறைப்பது, வெப்பத்தை வெளியே எடுத்துச் செல்வது ஆகிய நான்கும் அதன் பொறுப்பு. எஞ்சின் ஆயிலிலிருந்து பிரித்தறிவதற்காகப் பெரும்பாலும் சிவப்புச் சாயம் சேர்த்திருப்பார்கள்.

திரவம் குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். மிகுந்தால் சுழலும் பல்சக்கரங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும். இரண்டிலும் விளைவு ஒன்றே. காற்று அமுங்கக்கூடியது, ஆகவே அழுத்தம் குறைகிறது, தட்டுகள் வழுக்குகின்றன, சூடேறித் தேய்கின்றன.

அளவைப் பார்க்க முன்பு பெரும்பாலான வண்டிகளில் ஓர் அளவுக்குச்சி இருந்தது. வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடேற்றி, சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, கையேடு சொல்லும் முறையில் (பல வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே) குச்சியை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்ப்பார்கள். சூடேற்றுவது ஏன்? கணக்கிட்டுப் பாருங்கள். இத்திரவம் ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஏழு பங்கு விரிவடைகிறது. 9 லிட்டர் திரவம் 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடேறினால், 9 × 0.0007 × 60 = 0.378 லிட்டர் கூடும். குளிர்ந்த நிலையில் 'சூடு' என்ற கோடு வரை நிரப்பினால், ஓடும்போது இவ்வளவும் மிகையாகிவிடும்!

குச்சி அளவை மட்டும் சொல்வதில்லை. திரவம் கருத்துக் கருகல் நாற்றம் அடித்தால் தட்டுகள் தேய்கின்றன என்று பொருள். பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள்.

இன்று பல வண்டிகளில் இக்குச்சி இல்லை. வண்டியை மட்டமாகத் தூக்கி, வெப்பநிலையைக் கருவியால் அளந்து, அடியிலுள்ள திருகைக் கழற்றி, மிகையானது வழிகிறதா என்று பார்க்கவேண்டும். இது வீட்டில் எளிதில் நடக்கிற காரியமா?

அறியாதவர்கள் தவறான திரவத்தை ஊற்றிவிடுவார்கள், தூசி புகுந்துவிடும் என்பது நிறுவனங்களின் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. 1989இல் கிரைஸ்லர் மினிவேன்களில் வந்த நான்கு வேகத் தானியங்கிப் பெட்டிகள் பழுதானதற்கு, உரிய திரவத்துக்குப் பதில் வேறு வகையை ஊற்றியதும் ஒரு காரணம். ஆனால் இதற்கு மருந்து, சரியான வகையை எல்லாருக்கும் தெளிவாகச் சொல்வதே அன்றி, பார்க்கும் வழியை அடைப்பது அன்று.

எஞ்சின் ஆயிலைப்போல் இத்திரவம் எரிந்து குறைவதில்லை, பின் ஏன் பார்க்கவேண்டும் என்றும் கேட்கிறார்கள். எரியாத திரவம் குறைந்தால் எங்கோ கசிகிறது என்றுதானே பொருள்? அதைத் தொடக்கத்திலேயே காட்டிக்கொடுப்பது அந்த எளிய குச்சி. தாமதமாக அறிந்தால் பெட்டியையே மாற்ற நேரிடலாம். அச்செலவு பழைய வண்டியின் விலையையே எட்டிவிடக்கூடும்.

உங்களுள் பலர் நாளை பொறியாளர் ஆவீர்கள், இயந்திரங்களை வடிவமைப்பீர்கள். அப்போது, அதைப் பயன்படுத்துபவர் தம் கையாலேயே அதன் நலத்தை அளந்தறிய ஒரு வழியை விட்டுவையுங்கள். அளக்க முடிந்தவனே காரணம் தேடுவான். காரணம் தெரிந்தவனை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது.