மாவைத் தொந்தரவு செய்யாதீர்கள்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் தட்டில் பிஸ்கட் வரும். நாம் டீயில் நனைத்துத் தின்னும் பிஸ்கட்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. உள்ளங்கை அகலம், இரண்டு விரற்கடை உயரம், மேலே பொன்னிறம், உள்ளே வெள்ளை வெளேரென்று ஆவி பறக்கும் உப்பு ரொட்டி அது. கத்தியே வேண்டாம். விரலால் பிரித்தால் இரண்டாகப் பிளந்துகொள்ளும். நடுவில் வெண்ணெய் தடவித் தேன் விடுவார்கள். அல்லது பன்றி இறைச்சியும் மிளகும் போட்ட வெள்ளை கிரேவியைத் தாராளமாக மேலே ஊற்றுவார்கள்.

மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, வெண்ணெய், பால். ஐந்தே சாமான்கள்தான். ஈஸ்ட் கிடையாது, முட்டை கிடையாது, மாவு பொங்கட்டும் என்று காத்துக் கிடக்க வேண்டியதும் இல்லை. அரை மணி நேரத்தில் மேசைக்கு வந்துவிடும். பாடுபட்டால்தான் பண்டம் ருசிக்கும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையோடு இந்த மாவைத் தொட்டால் பிஸ்கட் கல்லாகிவிடும்.

பாடுபட்ட காலமும் ஒன்று இருந்தது. பேக்கிங் பவுடர் வருவதற்கு முன் தென்மாநிலப் பெரிய வீடுகளில் 'அடித்த பிஸ்கட்' என்று ஒன்று செய்வார்கள். மாவைக் கட்டைமேல் போட்டு மரச்சுத்தியலாலோ கோடரியின் பின்பக்கத்தாலோ அரை மணி நேரத்துக்கும் மேல் அடிப்பார்கள். மடித்துப் போட்டு மறுபடி அடிப்பார்கள். விருந்தாளி வந்தால் அடி இன்னும் கூடும். அடித்த கை பெரும்பாலும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்களின் கை. சாப்பிட்டவர்களுக்கு அந்தக் கைவலி தெரிந்திருக்க நியாயமில்லை.

பிறகு ஆப்பச்சோடா புழக்கத்துக்கு வந்தது. சோடாவோடு புளித்த பாலைச் சேர்த்தால் கரியமில வாயு கிளம்பி மாவைத் தூக்கும். ஆனால் பாலின் புளிப்பு நேற்றுபோல் இன்றைக்கு இருக்காது. புளிப்பு குறைந்துபோனால் வினைபுரியாத சோடா மிஞ்சி, வாயில் சோப்பு வாடை அடிக்கும். புளிப்பையும் அளந்து பொடியாகக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இருக்காதே என்று யோசித்தவர்களில் ஒருவர் ஹார்வர்டு பேராசிரியர் எபன் ஹோர்ஸ்ஃபோர்டு. மோனோகால்சியம் பாஸ்பேட் என்ற அமில உப்பைப் பொடியாகத் தயாரிக்கும் முறைக்கு 1856-ல் காப்புரிமை வாங்கினார். தொடக்கத்தில் அதற்கு மூலப்பொருள் மாட்டு எலும்பு! பின்னால்தான் சுரங்கத்தில் வெட்டிய பாஸ்பேட்டுக்கு மாறினார்கள். டப்பாவுக்குள் சோடாவும் அமிலமும் ஈரம் பட்டு முன்கூட்டியே சண்டை போட்டுக்கொள்ளாமல் இருக்க நடுவில் சோள ஸ்டார்ச்சைச் சேர்த்தார்கள். இன்று நாம் கடையில் வாங்கும் பேக்கிங் பவுடரும் அடிப்படையில் இதே மூன்றும்தான்: ஒரு சோடா, ஒரு அமில உப்பு, கொஞ்சம் ஸ்டார்ச்.

எந்த அமிலம் நல்லது என்பதில் கம்பெனிகளுக்குள் பெரிய யுத்தமே நடந்தது. ஒயின் பீப்பாயின் உள்பக்கம் படியும் உப்பிலிருந்து எடுப்பது க்ரீம் ஆஃப் டார்ட்டார். ஐரோப்பாவிலிருந்து வரவேண்டும், விலையும் அதிகம். அலுமினிய உப்பான படிகாரம் மலிவு. ராயல் என்ற டார்ட்டார் கம்பெனி படிகாரத்தை விஷம் என்று பிரசாரம் செய்தது. மிசௌரி மாநிலத்தில் 1899-ல் படிகாரப் பவுடருக்குத் தடைச் சட்டமே வந்தது. அந்தச் சட்டத்துக்காகச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு லஞ்சம் கைமாறியது பின்னால் அம்பலமாகி நாறியது. சில ஆண்டுகளில் சட்டமும் போனது. ஒரு டீஸ்பூன் பொடிக்குப் பின்னால் இவ்வளவு அரசியல்!

ருசிக்காகவே கடைப் பவுடரை ஒதுக்கியவர்களும் உண்டு. எட்னா லூயிஸ் என்ற கறுப்பினச் சமையல் கலைஞர் 1916-ல் வர்ஜீனியாவின் ஃப்ரீடவுனில் பிறந்தவர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் உருவாக்கிய ஊர் அது; அவர்களில் அவருடைய தாத்தாவும் ஒருவர். அளவுக் கரண்டி இல்லாத அந்த ஊரில் நாணயத்தின் மேல் பேக்கிங் பவுடரை அள்ளி அளந்தார்கள். பின்னாளில் பெரிய புகழ் பெற்ற லூயிஸுக்கு அலுமினியம் கலந்த பவுடரின் உலோக ருசி பிடிக்கவில்லை. ஒரு பங்கு ஆப்பச்சோடா, இரண்டு பங்கு க்ரீம் ஆஃப் டார்ட்டார் என்று தானே கலந்துகொண்டார். நம் ஊர் பேக்கரிச் சாமான் கடைகளிலும் க்ரீம் ஆஃப் டார்ட்டார் கிடைக்கிறது. கலந்து எடுத்து வைப்பதானால் ஒரு பங்கு கார்ன்ஃப்ளோர் சேர்த்து ஈரமில்லாத பாட்டிலில் போடுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும். கடைப் பவுடர் பால் பட்டதும் ஒரு தடவை, அடுப்பின் சூட்டில் இன்னொரு தடவை என்று இரண்டு முறை பொங்கும். வீட்டுக் கலவைக்குப் பெரும்பாலும் பால் பட்டதும் ஒரே பொங்கல்தான். மாவைச் சேர்த்த கையோடு அடுப்பில் வைத்துவிட வேண்டும்.

நாக்ஸ்வில்லில் கொஞ்ச காலம் குடியிருந்தபோது எதிர்வீட்டு மூதாட்டி பிஸ்கட் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். டென்னசியின் அந்த ஊர், 1883-ல் தொடங்கிய ஒயிட் லில்லி மாவுக்குப் பெயர் போனது. புரதம் குறைந்த மென்கோதுமை மாவு அது; தென்மாநிலப் பாட்டிமார் வேறு மாவைத் தொடவே யோசிப்பார்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயைத் துண்டு போட்டு மாவில் இறக்கினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒவ்வொரு துண்டாக நசுக்கித் தட்டையாக்கினார். உள்ளங்கை மாவில் படவே இல்லை. "உள்ளங்கை சூடு கண்ணு, வெண்ணெய் உருகிப் போயிரும்" என்றார். பாலை ஊற்றி முள்கரண்டியால் நாலு சுற்றுதான் சுற்றியிருப்பார், கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டார். மேசையில் கிடந்தது ஒரு திட்டு ஈரம், ஒரு திட்டு வெறும் மாவு. இன்னும் சேரவே இல்லையே என்றேன். "சேர்ந்தது போதும். மிச்சத்தை அடுப்பு பாத்துக்கும்."

அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கோதுமை மாவில் ஈரம் பட்டுப் பிசையப் பிசைய க்ளூட்டன் என்ற புரதம் இழுபட்டு வலை போல் இறுகும். பரோட்டா மாவு அடி வாங்க வாங்கத்தான் பதம் வரும். பிஸ்கட் மாவுக்கு அந்த அடியே எமன். வலை இறுகினால் பிஸ்கட் ஜவ்வாகும். உருகாமல் கிடக்கும் வெண்ணெய்த் தகடுகளுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. அடுப்பில் அவை உருகும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, அடுக்கடுக்காக மாவைத் தள்ளும். வாயு தூக்க, ஆவி பிரிக்க, நாம் சும்மா இருக்க வேண்டியதுதான்.

அளவு சொல்கிறேன். இரண்டு கப் மைதா, அதாவது 250 கிராம். 1 மேசைக்கரண்டி பேக்கிங் பவுடர், முக்கால் டீஸ்பூன் உப்பு. குளிர்ந்த வெண்ணெய் 85 கிராம். குளிர்ந்த பால் முக்கால் கப். முதலில் ஓவனை 230 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றிவிடுங்கள். மாவு, பவுடர், உப்பைச் சலித்து, வெண்ணெயை விரல் நுனியால் பட்டாணி அளவுக்கு உதிர்த்து, பாலை ஊற்றி ஒன்று சேர்த்தால் போதும். மாவைக் கையால் தட்டி, மூன்று நான்கு தடவை மடித்துத் தட்டுங்கள். கட்டையால் தேய்க்க வேண்டாம். ஒரு அங்குலத்துக்குக் குறையாத கனம் இருக்கட்டும்.

வட்டமாக வெட்டும்போது அச்சை நேராக அழுத்தி நேராகத் தூக்க வேண்டும். திருகினால் ஓரம் ஒட்டி மூடிக்கொள்ளும், ஒரு பக்கம் மட்டும் எழும்பி பிஸ்கட் சாயும். தட்டில் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும்படி அடுக்குங்கள்; பக்கவாட்டில் பரவ இடமில்லாமல் மேலே எழும்பும். 12 முதல் 15 நிமிடம். பொன்னிறமானதும் எடுத்து மேலே கொஞ்சம் வெண்ணெய் தடவலாம்.

பேக்கிங் பவுடர் டப்பா அலமாரியில் எத்தனை மழைக்காலம் பார்த்தது என்று சந்தேகமாக இருந்தால், ஒரு டீஸ்பூன் எடுத்து வெந்நீரில் போட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் உயிர் இருக்கிறது. சும்மா கரைந்தால் குப்பைக்கு அனுப்புங்கள். பொங்கவில்லையே என்று அளவைக் கூட்டிப் போடுவது கசப்பில்தான் முடியும்.

ஒரு காலத்தில் யாரோ ஒருத்தி தோள் நோக அடித்துச் செய்த வேலையை இன்று ஒரு கரண்டிப் பொடி செய்துவிடுகிறது. ரசாயனம் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் அந்தத் தோளையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகும் கைக்கு ஒரு பக்குவம் மிச்சமிருக்கிறது: எப்போது நிறுத்துவது என்று தெரிவது. அந்த எதிர்வீட்டுப் பாட்டியிடம் நான் கற்றதும் அதைத்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். இன்னும் கொஞ்சம் பிசையலாமே என்று கை துறுதுறுக்கும் அந்த நேரத்தில் தட்டைத் தூக்கி ஓவனுக்குள் தள்ளிவிடுங்கள். சுடச்சுடச் சாப்பிட்டுவிடுங்கள். மறுநாளைக்கு எடுத்து வைக்கிற பண்டம் இல்லை இது.