வணிகம் வேறு, ஆட்சி வேறா?

வணிகம் என்பது கொள்வதும் கொடுப்பதுமே. அதற்கும் அரசியலுக்கும் என்ன தொடர்பு, பண்பாட்டுக்கும் என்ன தொடர்பு என வினவுவோர் நம்மிடையே பலர் உளர். மேடைகளிலும் இவ்வாறே முழங்கப்படுகிறது. அங்ஙனம் முழங்குவோர் செந்தூலில் தமிழர் குடியேறிய வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

தமிழர் செந்தூலைத் தேடி வந்தவர் அல்லர். இருப்புப் பாதை அவர்களைத் தேடியது. இருப்புப் பாதையைத் தேடியதோ ஈயம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலைநாடுகளில் உணவைத் தகரப் பெட்டியில் அடைத்து விற்கும் தொழில் பெருகிற்று. தகரத்திற்கு ஈயப்பூச்சு வேண்டும். ஈயம் பேராக்கிலும் சிலாங்கூரிலும் மண்ணுக்கடியில் கிடந்தது. பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா வணிகர் சுரங்கங்களில் பொருளைக் கொட்டினர். சுரங்க உரிமைக்கும் வரி உரிமைக்குமாகப் பூசல்கள் மூண்டன. போட்ட பணம் முடங்கிற்று. ஆங்கில அரசு தலையிட வேண்டுமென அவ்வணிகர் 1873இல் விண்ணப்பம் செய்தனர். அடுத்த சனவரியில் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சிலாங்கூருக்கும் விரைவில் ஓர் ஆங்கில ரெசிடெண்டு வந்து சேர்ந்தார்.

அவ்வுடன்படிக்கையின் வாசகத்தை நம் மாணவர் கூர்ந்து கற்றல் வேண்டும். மலாய்ச் சமயமும் வழக்கமும் நீங்கலாக ஏனைய அனைத்திலும் ரெசிடெண்டின் ஆலோசனையைக் கேட்டு, அதன்படியே ஒழுக வேண்டும் என்பது அதன் பொருள். கேட்டே ஆக வேண்டும், நடந்தே தீர வேண்டும் என்பது ஆலோசனையா, ஆணையா? பேராக்கின் முதல் ரெசிடெண்டாகிய பர்ச்சு 1875இல் கொல்லப்பட்டார். ஆங்கிலேயர் அதனால் பின்வாங்கினரல்லர். படையனுப்பிப் பிடியை இறுக்கினர். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரை வரை 1886இல் இருப்புப் பாதை திறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செந்தூலில் மாபெரும் இரயில் பட்டறை எழுந்தது. அங்கே சம்மட்டி பிடித்தவன் தமிழன். இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதியவர்களிலும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் இருந்தனர். ஆயினும் பேரேட்டின் மொழி ஆங்கிலமே. சம்மட்டி பிடித்தவன் தன் மகனுக்கு விரும்பியது எந்த மொழியை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

சப்பானியரும் இவ்வழியே வந்தனர். போருக்கு முன்னரே அவர்தம் நிறுவனங்கள் சொகூரிலும் திரெங்கானுவிலும் இரும்புத் தாதை அகழ்ந்து தம் நாட்டுக்குக் கப்பலேற்றின. 1942இல் அவர்கள் ஆள வந்தபோது பள்ளிகளில் சப்பானிய மொழி புகுந்தது.

இவ்வளவும் கேட்டு, "ஆம், அயலான் அத்தகையவன்" எனத் தலையசைப்போர் பலர். அவர்களே கடாரம் என்னும் பெயர் கேட்ட அளவில் மார்தட்டுகின்றனர். இராசேந்திரனின் படை 1025இல் கடல் கடந்து ஸ்ரீவிசயத்தைத் தாக்கிற்று; அது மெய். ஆனால் படைக்கு முன் சென்றவர் யாவர்? இன்றைய தென் தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும், அதற்குக் காவலாக மணிக்கிராமத்து வணிகரையும் குறிக்கின்றது. படைக்குப் பின் நிகழ்ந்தது யாது? சுமத்திராவின் பாருசில் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழு 1088இல் கல்வெட்டு நாட்டிற்று. கப்பலோடு வருவோர் பொன் செலுத்திய பின்னரே உட்புகலாம் என்பது அக்குழுவின் விதி. அயல்நாட்டுக் கரையில் ஒரு வணிகக் குழு தீர்வை விதித்தால், அது வெறும் கொள்வனை கொடுப்பனை ஆகுமா? நாம் செய்தால் பண்பாட்டுப் பரவல், பிறர் செய்தால் ஆதிக்கம் எனும் இரட்டை அளவுகோலை வகுப்பறைக்குள் கொண்டு வரும் ஆசிரியர், மாணவனுக்கு வரலாறு கற்பிக்கின்றாரில்லை. இனப்பெருமிதத்தை ஊட்டுகின்றார், அவ்வளவே.

மலாய்மொழி இதற்கு நடுநிலைச் சான்று கூறும். கடை அங்கே 'கெடாய்' ஆயிற்று, முதல் 'மோடால்' ஆயிற்று, கப்பல் 'காப்பால்', பெட்டி 'பெத்தி'. கடையும் முதலும் கப்பலுமே முற்பட்டுச் சென்றிருக்கின்றன என்பதைக் காண்க. இச்சொற்களை எவரும் வாள்முனையில் திணித்ததாகத் தெரியவில்லை. செல்வாக்கு என்பது எப்போதும் கொடுமையாகவே வரும் என்பதன்று. கடைக்குப் போனவன் சொல்லோடு திரும்பினான்.

இன்றைய நிலை யாது? செந்தூல் பட்டறையின் பணி பத்து காஜாவுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. அப்பத்து காஜாவில் 2015இல் சீன நிறுவனமொன்றின் தொடர்வண்டித் தொழிற்கூடம் திறக்கப்பட்டது. 2009 முதல் மலேசியாவின் மிகப் பெரிய வணிகப் பங்காளி சீனா. நம் பெற்றோருள் ஒரு சாரார் பிள்ளைகளைச் சீனப் பள்ளியில் சேர்ப்பதற்குக் காரணம் சீன இலக்கியத்தின் மீது கொண்ட காதலா? 2003இல் அறிவியலும் கணிதமும் தமிழ்ப் பள்ளியிலும் ஆங்கிலத்துக்கு மாறின. பின்னர்ப் படிப்படியாகத் திரும்பின. உலகமயமும் போட்டித் திறனுமே அன்று காட்டப்பட்ட காரணங்கள். வணிகமும் பண்பாடும் தொடர்பற்றவை என்போர், தமிழ்ப் பள்ளியின் முதலாம் ஆண்டுப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கட்டும்.

பெற்றோரை ஏசுதல் எளிது. அவர்கள் சந்தையை நம் மேடைப் பேச்சாளரினும் தெளிவாகப் படித்திருக்கின்றனர். ஐந்நூற்றுவர் கடலுக்கு அப்பாலும் தம் விதியைத் தமிழிலேயே கல்லில் வெட்டினர். செந்தூல் கடைத்தெருவிலோ, தமிழர் நடத்தும் கடையிலேயே தமிழில் ஒரு பற்றுச்சீட்டுப் பெறுவது அரிதாயிருக்கிறது. கடாரங் கொண்டானுக்கு விழா எடுக்க நன்கொடை கேட்டு அக்கடைகளின் படியேறுவோர், அப்பற்றுச்சீட்டைப் பற்றியும் முதலாளியிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் படியிறங்கட்டும்.