மாறிய மாய எண்கள்

ஒருகால் உண்மையெனக் கண்டதை எக்காலத்தும் உண்மையெனக் கட்டிக் காத்தல் கண்மூடிகளின் வழி. கண்டதையே மீண்டும் மீண்டும் ஆய்ந்து, பிழைபட்டவிடத்துத் திருத்திக் கொள்ளல் அறிவியலார் வழி. இவ்விரண்டாம் வழியின் பெருமைக்கு அணுக்கருவியலில் ஐம்பதாண்டுகளாக நடந்துவரும் ஒரு திருத்தமே போதிய சான்றாகும்.

அணுக்கருவினுள் புரோட்டான் எனப்படும் நேர்மின்னிகளும், நியூட்ரான் எனப்படும் நொதுமிகளும் செறிந்துள்ளன. இவை அடுக்கடுக்கான கூடுகளில் நிரம்புகின்றன என்றும், 2, 8, 20, 28, 50, 82, 126 என்னும் எண்களில் கூடு நிறைந்தவழிக் கரு தனியுறுதி பெறுகின்றது என்றும் 1949-இல் மாரியா கோப்பர்ட்டு மேயரும், அவரின் வேறாக ஆன்சு இயென்சன் குழுவினரும் விளக்கினர். பல்கலைக்கழகங்களில் ஊதியமின்றியே பல்லாண்டு உழைத்த அவ்வம்மையார் 1963-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். அவ்வெண்கள் மாய எண்கள் என்றே பெயர் பெற்றன.

ஆயின், அவ்விளக்கம் பெரும்பாலும் நிலைத்த கருக்களையும் அவற்றை அடுத்தவற்றையும் கண்டு எழுந்தது. நொதுமி மிகுந்து, ஒரு நொடிக்குள் அழியுங் கருக்களில் அது செல்லுமா என்பதே வினா. அதற்கு விடை கூறுவது காமாக்கதிர். கிளர்ச்சியுற்ற கரு அமைதியுறுங்கால் உமிழும் அக்கதிரின் ஆற்றல், அக்கருவின் கையெழுத்தாம். நிறைந்த கூட்டைக் கலைப்பது அரிதாகலின், ஆங்கு முதன்மைக் கதிரின் ஆற்றல் உயர்ந்திருக்கும். கூடு குலைந்தவழித் தாழ்ந்திருக்கும்.

மகனீசியம்-32 கருவில் நேர்மின்னிகள் 12, நொதுமிகள் 20. 20 மாய எண்ணாதலின், கரு உறுதியாக இருத்தல் வேண்டும். 1975-இல் செனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் சோடியக் கருக்களை நிறுத்தபோதே ஐயம் எழுந்தது. 1979-இல் மகனீசியம்-32 உமிழ்ந்த கதிர் 885 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டு என்றே காணப்பட்டது. அதே 20 நொதுமிகளும் 14 நேர்மின்னிகளும் உடைய சிலிக்கான்-34 கருவிலோ அது ஏறத்தாழ 3,300. இரண்டே நேர்மின்னிகள் குறைந்தமையால் ஆற்றல் கால்பங்களவிற்கு வீழ்ந்தது! நேர்மின்னிகளின் ஈர்ப்புக் குறைந்தவழிக் கூடுகளின் இடைவெளி குறுகுகின்றது, நொதுமிகள் மேற்கூட்டிற்குத் தாவுகின்றன, உருண்டைக்கரு நீள்வடிவுறுகின்றது. 20 ஆங்கே மாயம் இழந்தது.

இழப்பு மட்டுமோ? சப்பானின் இரிக்கென் ஆய்வகத்தார், ஒளியின் விரைவிற் பாதிக்கு மேற்பட்ட விரைவில் துத்தநாகக் கருக்களைப் பெரில்லியத்தில் மோதவிட்டு, அச்சிதறல்களினின்று கால்சியம்-54 கருவைப் பெற்றனர். 186 உணர்கருவிகள் சூழ நின்று பற்றிய அதன் கதிர் 2,043 என 2013-இல் வெளியாயிற்று. 34 என்னும் எண்ணும் ஆங்கு மாயமுடைத்தெனத் தெளிந்தனர். 2019-இலோ, நிக்கல்-78 கருவின் கதிர் ஏறத்தாழ 2,600 எனக் கண்டு, 28-உம் 50-உம் அங்கே தம் உறுதி குன்றாமையை மெய்ப்பித்தனர்.

ஓர் எண் வீழ்ந்தது; ஓர் எண் தோன்றியது; இரண்டு நின்றன. 'அறிவியல் நாளைக்கு மாறும். ஆதலின் இன்று நம்பற்க' என்பார் இதனை நோக்குக. மாய எண்களின் கொள்கை பொய்யாகிவிடவில்லை. அது செல்லும் எல்லை இதுவென அளந்தறியப்பட்டது. எல்லையறிந்த உண்மையே உறுதியான உண்மை.

பொன் முதலான தனிமங்களின் கருக்கள் விண்மீன் மோதல்களில் உருவாவது இத்தகைய நொதுமி மிகுந்த கருக்களின் வழியே என்பதால், இவ்வாய்வு வெறும் எண் விளையாட்டும் அன்று.

எனவே, மாய எண்களை மாறா எண்களாக மனப்பாடஞ் செய்விக்கும் ஆசிரியர்கள் மகனீசியம்-32-ஐயும் உடன் கற்பிப்பாராக. விதியை மட்டும் கற்றவன் ஏட்டைக் காப்பான். விதி தவறிய இடத்தையும் கற்றவனே அறிவை வளர்ப்பான்.