பின்கட்டை நாம்தான் விழ விட்டோம்

பக்தவத்சலப் பெருமாளைச் சேவித்து, இருதயாலீஸ்வரரையும் தரிசித்துவிட்டு வெளியே வருகிற வெளியூர்க் குடும்பம், இரவு எங்கே தங்கலாம் என்று கேட்டால் ஆவடிப் பக்கமோ சென்னைக்கோ போகச் சொல்கிறோம். திவ்ய தேசமும் பூசலார் நாயனாரின் ஊருமான திருநின்றவூரில் நாம் சொல்கிற பதில் இதுதான். இடம் இல்லாமல் இல்லை. இருந்ததைக் கவனிக்காமல் விட்டோம்.

பழைய வீடுகளின் பின்கட்டில் வண்டிக் கொட்டகை, மாட்டுத் தொழுவம், நெல் போட்டு வைக்கிற அறை எல்லாம் தனித்தனியாக இருந்தன. மாடும் வண்டியும் போன பிறகு உடைந்த கட்டிலை உள்ளே போட்டுப் பூட்டினோம். நாட்டு ஓடு நழுவியபோது ஓடு மாற்றத் தெரிந்தவரைத் தேடாமல் ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்டோம். அதைவிடப் பெரிய கெடுதல், சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசியது. சுண்ணாம்புச் சுவர் தன்னில் ஏறுகிற ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதை அடைத்துவிடும். உள்ளே தங்கிய ஈரத்தில் உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து, தொட்டால் கையோடு வரும். பிறகு சுவர் தாங்காது என்று நாமே சொல்லி இடித்தோம். கைமரமும் கதவும் மரக்கடைக்குப் போயின.

காரைக்குடியில் ஒரு செட்டிநாட்டுக் குடும்பத்து ஆண்கள் கூடிப் பேசவும் விருந்தினரை உபசரிக்கவும் இருந்த பங்களாவை, மீனாட்சி மெய்யப்பன் 1999இல் தங்கும் விடுதியாகத் திறந்தார். அங்கே சாப்பாட்டுக்காகவே வந்து தங்குகிறவர்கள் உண்டு. கொத்தமங்கலம் சாரதா விலாஸ் வீட்டைப் புதுப்பித்து விருந்தினருக்குத் திறந்தவர்கள் இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள். கடல் தாண்டி வந்தவர்களுக்குத் தெரிந்த அருமை நமக்குத் தெரியவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

அவர்களிடம் பணம் இருந்தது என்று நாம் சொல்லக் கூடாது. பூசலார் கையில் காசில்லாதவர். மனத்துக்குள்ளேயே பொருள் சேர்த்து, தச்சரைத் தேடி, நாள் பார்த்துக் கோயில் கட்டி முடித்தார் என்று பெரியபுராணத்தைப் பெருமையாகச் சொல்கிற நாம், கண்ணெதிரே நின்ற சுவருக்கு ஒரு கொத்தனாரைக் கூப்பிடவில்லை.

ஒரு வண்டிக் கொட்டகையை இரண்டு அறையாக்க மாளிகைச் செலவு ஆகாது. விழுந்த செங்கல்லையே மறுபடி வைக்கலாம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்புக் காரை போதும். ஓட்டுக் கூரையை உயரமாகவே விட்டு, காற்று வர வழிவைத்தால் ஏசியின் வேலை குறையும். குளியலறையைப் பழைய சுவரைக் குடைந்து வைக்காமல் பக்கத்தில் தனியாகக் கட்ட வேண்டும். செப்டிக் டேங்க் கிணற்றைவிட்டுத் தள்ளி இருக்க வேண்டும். கூரைத் தண்ணீரை வடிகட்டிக் கிணற்றுக்கு விட வேண்டும்.

உண்மையான தடை பங்குதான். கூட்டுப் பட்டாவில் அண்ணன், தம்பி, அத்தை பிள்ளைகள் என்று பலர் பெயர். ஒருவர் செலவு செய்தால் மற்றவருக்கும் லாபம் போய்விடுமே என்று யாரும் கை வைக்கவில்லை. மனை விலை ஏறட்டும் என்று எல்லோருமாகக் காத்திருந்தோம். ஊர்ப் பெரியவர்களும் கூப்பிட்டுப் பேசவில்லை. எந்தத் தெருவில் எந்தக் கொட்டகை இன்னும் நிற்கிறது என்று நாம் யாரும் ஒரு நோட்டில் எழுதி வைக்கவும் இல்லை. அந்தக் கணக்கை இப்போதாவது எடுத்து, பங்காளிகளை உட்காரவைத்துப் பேசி, நிற்கிறவற்றுக்கு ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்றியாக வேண்டும்.