மணலுக்கும் ஞாபகம் உண்டு!

சாத்தான்குளத்திலிருந்து உடன்குடி பக்கமோ தட்டார்மடம் பக்கமோ பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். கொஞ்ச தூரத்தில் மண்ணின் நிறமே மாறிவிடும். செக்கச்செவேல் என்று மணல் மேடுகள், நடுநடுவே பனை, முந்திரி, உடை மரம். அதுதான் தேரிக்காடு! உச்சி வெயிலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. காற்றடி காலத்தில் கண்ணைத் திறக்க முடியாது. வெளியூர்க்காரர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். உள்ளூர்க்காரர்களைக் கேட்டால், "அங்க என்ன இருக்கு, வெறும் மண்ணுதான்" என்று முடித்துவிடுவார்கள்.

அந்த "வெறும் மண்ணு" என்ற வார்த்தையில்தான் பெரிய தப்பு இருக்கிறது.

தேரியில் காற்று மேல்மணலை வாரிக்கொண்டு போன இடங்களில், விரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்னக் கல் சில்லுகள் கிடைப்பதுண்டு. காலில் குத்தினால் எடுத்துத் தூர எறிந்துவிட்டுப் போகிற சில்லுகள். ஆனால் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். மணல்மேட்டில் கல் ஏது? காற்று மணலைத் தூக்கிவரும், கல்லைத் தூக்கி வராது. அப்படியென்றால் அதை யாரோ கையில் கொண்டுவந்திருக்க வேண்டும். கொண்டுவந்து, தட்டி, கூராக்கி, அம்பு முனையாகவும் வெட்டுக் கருவியாகவும் பயன்படுத்தியிருக்க வேண்டும். தொல்லியலில் இவற்றுக்கு நுண்கற்கருவிகள் என்று பெயர்.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863ம் ஆண்டு பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவின் கற்கால ஆய்வைத் தொடங்கி வைத்த அதே நிலவியலாளர்தான். சாயர்புரம் தேரியிலும் கற்கருவிகளைச் சேகரித்தார். அதே சாயர்புரத்துக் கருவிகளைப் பற்றி 1945ம் ஆண்டு சென்னை அருங்காட்சியகத்தின் அ. ஐயப்பன் எழுதினார். பிறகு 1956ம் ஆண்டு ஃபிரெடரிக் சாய்னர், பிரிட்ஜெட் ஆல்சின் இருவரும் மெஞ்ஞானபுரம் உட்படப் பல தேரி இடங்களை ஆராய்ந்து விரிவான கட்டுரை வெளியிட்டார்கள். பழைய கடல் மட்டம் எங்கே இருந்தது என்பதை வைத்து, இந்தக் கருவிகள் சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முந்தையவை என்று கணக்குப் போட்டார்கள். இன்று தொல்லியல் படிக்கிற எந்த மாணவனும் "தேரிப் பண்பாடு" என்ற பெயரைத் தாண்டாமல் போக முடியாது. ஆனால் தேரிக்குப் பக்கத்து ஊரில் படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

பக்கத்திலேயே இருந்தும் ஏன் கண்ணில் படவில்லை? இதற்கு மனித மனம்தான் பதில் சொல்ல வேண்டும்.

1999ம் ஆண்டு அமெரிக்காவில் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். சிலர் பந்தைத் தட்டி விளையாடுகிற வீடியோவைக் காட்டி, வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் சாவகாசமாக நடந்து வந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு போவார். பார்த்தவர்களில் சுமார் பாதிப் பேர் கொரில்லாவைப் பார்க்கவே இல்லை!

"அது சாதாரண ஜனங்கள், நிபுணர்கள் ஏமாற மாட்டார்கள்" என்று நினைக்கிறீர்களா? 2013ம் ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில் 24 ரேடியாலஜி மருத்துவர்களிடம் நுரையீரல் ஸ்கேன் படங்களைக் கொடுத்துக் கட்டி தேடச் சொன்னார்கள். படத்துக்குள் ஒரு குட்டிக் கொரில்லா உருவத்தை வைத்திருந்தார்கள். 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தபோது, அப்படித் தவறவிட்டவர்களில் பலர் அந்தக் கொரில்லாவை நேராகவே பார்த்திருந்தார்கள். கண் பார்த்தது, மனம் பார்க்கவில்லை.

ஆக, கண்டுபிடிப்பு என்பது மண்ணுக்குள் இருக்கும் பொருள் மட்டும் அல்ல. தேடக் கற்றுக்கொண்ட மனமும் சேர்ந்தால்தான் அது கண்டுபிடிப்பு.

சரி, கருவி கிடைத்துவிட்டது. அதன் வயதை எப்படிச் சொல்வது? கல்லைப் பார்த்தால் வயது தெரியாது. இங்கேதான் அறிவியலின் ஒரு அழகான வித்தை வருகிறது. மணல் பேசும்!

தேரி மணலில் குவார்ட்ஸ் துகள்கள் உண்டு. மண்ணுக்குள் மிகக் குறைந்த அளவில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் இருக்கின்றன. அவற்றின் கதிர்வீச்சு பட்டுப் பட்டு, புதைந்து கிடக்கும் குவார்ட்ஸ் துகளுக்குள் எலக்ட்ரான்கள் சிறுகச் சிறுகச் சிக்கிக்கொள்கின்றன. இதை ஒரு உண்டியல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் இருக்கும்வரை வருஷா வருஷம் காசு விழுந்துகொண்டே இருக்கும். வெயில் பட்டால் உண்டியல் காலி! மறுபடி புதைந்தால் பூஜ்யத்திலிருந்து கணக்கு ஆரம்பிக்கும். ஆராய்ச்சியாளர்கள் உலோகக் குழாயை மணலுக்குள் அடித்து, வெளிச்சம் படாமல் மாதிரி எடுத்து, மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் எரியும் ஆய்வகத்தில் அதன்மேல் குறிப்பிட்ட ஒளியைப் பாய்ச்சுவார்கள். சிக்கிய எலக்ட்ரான்கள் விடுபடும்போது துகள் லேசாக ஒளிரும். அந்த ஒளியை அளந்து, வருஷத்துக்கு எவ்வளவு சேரும் என்பதால் வகுத்தால், அந்த மணல் கடைசியாக வெயில் பார்த்து எத்தனை ஆண்டு ஆகிறது என்று தெரிந்துவிடும்.

அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகத்தின் அசோக் சிங்வி இந்தத் துறையில் உலக அளவில் அறியப்பட்டவர். அவரும் மற்றவர்களும் சேர்ந்து 2012ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, இந்தக் கடற்கரைச் செம்மணல் மேடுகளில் பெரும்பகுதி சுமார் 11,400 முதல் 5,600 ஆண்டுகளுக்கு முன்பு குவிந்தது. பனை ஏறுகிறவர் காலடியில் கிடப்பது அவ்வளவு பழைய ஞாபகம்!

இந்த இடத்தில் சிவகளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆதிச்சநல்லூருக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் உள்ள இந்த ஊரின் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 என்று 2021ம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் வெளியான அறிக்கை, அங்கே இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுபோனது. ஊரெல்லாம் பெருமை பேசியது. பேசட்டும், தப்பில்லை. ஆனால் பெருமைக்கு வேண்டியது ஒரே ஒரு எண். அறிவியலுக்கு வேண்டியது அந்த எண் எப்படி வந்தது என்ற கேள்வி. மரக்கரியைச் சோதித்தால் தெரிவது அந்த மரம் வளர்ந்த காலம். மரம் வயதானதாக இருந்தால், அது எரிந்த காலம் பிந்தியதாக இருக்கலாம். அதனால்தான் மாதிரிகளை ஒரே ஆய்வகத்துக்கு அனுப்பாமல் அமெரிக்கா, லக்னோ, அகமதாபாத் என்று பிரித்து அனுப்பினார்கள். அதனால்தான் இன்னும் பல இடங்களில் சான்று தேடச் சொல்கிறார்கள் ஆய்வாளர்கள். இது சந்தேகப் புத்தி இல்லை. கண்டுபிடிப்புக்குச் செய்கிற மரியாதை.

பெருமையை மட்டும் தேடுகிற மனம், பந்தை மட்டும் எண்ணுகிற மனம் மாதிரிதான். தேரியில் வாழ்ந்தவர்கள் எந்த மொழி பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு எழுத்து இல்லை, இரும்பு இல்லை. அவர்களை "எங்கள் ஆள்" என்று சொல்லி மேடை போட யாரும் இல்லை. அதனால் கொரில்லா போல நடுவில் நின்றும் கண்ணில் படாமல் போகிறார்கள்.

இதில் நஷ்டம் என்ன என்று கேட்கலாம். தேரி மணலில் இல்மனைட் என்ற கனிமம் இருக்கிறது. அதிலிருந்து கிடைக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு, வெள்ளை பெயின்டிலிருந்து காகிதம் வரை பயன்படுகிறது. இதற்காக 2002ம் ஆண்டு டாடா ஸ்டீல் நிறுவனத்துக்கும் தமிழக அரசுக்கும் ஒப்பந்தம் ஆனது. சாத்தான்குளம் பகுதியில் பல ஆயிரம் ஏக்கர் நிலம் தேவைப்படும் திட்டம் அது. எதிர்ப்பு பலமாகி, 2007ம் ஆண்டு திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. அப்போது வேலை, நிலம், பனை, தண்ணீர் என்றுதான் வாதங்கள் பெரிதாகக் கேட்டன. எல்லாமே நியாயமான கேள்விகள். ஆனால் இன்னொரு கேள்வியும் உண்டு. பொக்லைன் அள்ளி லாரியில் கொட்டிய அந்த நிமிடமே மணலின் உண்டியல் காலியாக ஆரம்பித்துவிடும். கருவி போகும், அது கிடந்த அடுக்கு போகும், வயதைச் சொல்லும் ஒரே சாட்சியும் போகும். மரத்தை வெட்டினால் மறுபடி நடலாம். வெயில் பார்த்த மணலுக்குப் பழைய ஞாபகத்தைத் திருப்பித் தர எந்த விஞ்ஞானியாலும் முடியாது.

அதற்காகத் தேரியைத் தொடவே கூடாது என்று சொன்னால் அது நடக்காது. பெரிய அளவில் எதற்காகத் தோண்டினாலும், அதற்கு முன்னால் தொல்லியல் ஆய்வு நடக்க வேண்டும், மணல் மாதிரி எடுத்து வைக்க வேண்டும் என்று கேட்பது நடக்கக்கூடியது. சுற்றுவட்டாரப் பள்ளிகள் வருஷத்துக்கு ஒரு நாள் பிள்ளைகளைத் தேரிக்கு அழைத்துப் போவது அதைவிடச் சுலபம். கல்லை எடுத்துப் பையில் போட அல்ல. எடுத்துவிட்டால் அது வெறும் கல். கிடக்கிற இடத்திலேயே போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்குச் சொல்லப் பழக்க வேண்டும். சிவகளையை வெளியுலகத்துக்குக் காட்டியதிலும் ஒரு பள்ளி ஆசிரியரின் பங்கு இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்த முறை தேரியில் நடக்கும்போது காலில் ஏதாவது குத்தினால், எறிவதற்கு முன் ஒரு தடவை குனிந்து பாருங்கள். உங்களுக்கு முன்னால் அதைக் கையில் பிடித்தவர், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதே செம்மணலில் நின்றவராக இருக்கலாம்.