அன்று பதிவு செய்தார்கள், இன்று அடமானத்துக்கு ஆகாது என்கிறார்கள்!

கண்டன அறிக்கை

மதுரை மாநகரிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் வீடு, மனை வைத்திருப்போருக்கான எங்கள் நலச் சங்கத்தின் செயற்குழு இந்த அறிக்கையை வெளியிடுகிறது.

பதிவு செய்த பத்திரம் இருக்கிறது. பட்டா இருக்கிறது. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் இருக்கின்றன. ஆனாலும் ‘அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு’ என்ற ஒரு வரியால் எத்தனையோ குடும்பங்கள் சொந்த வீட்டை நியாயமான விலைக்கு விற்க முடியாமலும், வங்கியில் அடமானம் வைக்க முடியாமலும் தவிக்கின்றன. மனையைக் கூறுபோட்டு விற்றவரைக் கேட்பாரில்லை. முத்திரைத் தீர்வை வாங்கிய அரசுக்குப் பொறுப்பில்லை. கடைசியாக வாங்கியவர் தலையில் மட்டும் மொத்தச் சுமையையும் ஏற்றும் இந்தப் போக்கை எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

இது எப்படி நடந்தது என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும். மானாவாரிப் புஞ்சையில் கல் நட்டு, செம்மண் சாலை போட்டு, கலர் நோட்டீஸ் அடித்தார்கள். வேனில் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டு, மாதத் தவணையில் மனை விற்றார்கள். கேட்டவர்களுக்குப் ‘பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது’ என்றார்கள். ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் மனைப்பிரிவுக்கு அனுமதி ஆகாது, நகர் ஊரமைப்புத் துறையின் (டிடிசிபி) ஒப்புதல் வேண்டும் என்பதை விற்றவர்கள் சொல்லவில்லை. பத்திரம் பதிந்த இடத்திலும் யாரும் சொல்லவில்லை.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் குற்றம் யாருடையது என்பது விளங்கும். டெல்லி உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றை ஒட்டி, வரன்முறை செய்யப்படாத அங்கீகாரமற்ற குடியிருப்புகளில் உள்ள சொத்துகளுக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2006 நவம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. இத்தகைய மனைகளின் பதிவைத் தடுக்கும், பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவைத் தமிழக அரசு 2009 ஆம் ஆண்டின் 2 ஆம் எண் சட்டமாகக் கொண்டுவந்தது. ஆனால் அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்த நாள் 2016 அக்டோபர் 20. அதுவும், 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பொதுநல வழக்கில் பதிவுக்குத் தடை விதித்த பிறகுதான். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளும் சட்டம் ஏட்டில் தூங்கியது, சார்பதிவாளர் அலுவலகங்களில் பதிவு மட்டும் தடையில்லாமல் நடந்தது. ‘ஆவணத்தைப் பதிவதே எங்கள் வேலை, அனுமதியைச் சரிபார்ப்பது அல்ல’ என்று அரசு சொன்னால், சரிபார்க்கச் சொல்லும் சட்டத்தை இயற்றிவிட்டு ஏழு ஆண்டுகள் பூட்டிவைத்தது ஏன் என்று கேட்கிறோம்.

மதுரையில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. 2011 இல் மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தது. ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் நகராட்சிகள், திருநகர், விளாங்குடி, ஹார்விப்பட்டி பேரூராட்சிகள் ஆகியவற்றுடன் ஊராட்சிகள் பலவும் மாநகருக்குள் வந்தன. வரி மாநகராட்சிக் கணக்குக்கு மாறியது. ஊராட்சிக் காலத்து மனைப்பிரிவின் குறையோ அப்படியே நின்றது.

இன்று விற்கப்போனால் என்ன நடக்கிறது? 2016 அக்டோபர் 20 க்கு முன்பு மனையாகப் பதிவான சொத்தை மறுபடி பதியச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வாங்க வருபவர் வங்கிக் கடனை நம்பி வருகிறார். வங்கியின் லீகல் பார்க்கும் வக்கீல் மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் புரட்டிவிட்டு ‘டிடிசிபி எண் எங்கே?’ என்கிறார். மதிப்பீட்டு என்ஜினியர் கட்டடத்தை அளக்கும் முன்பே அப்ரூவல் பிளானைக் கேட்கிறார். கடன் இல்லை என்றதும் முன்பணம் கொடுத்தவர் பின்வாங்குகிறார். பிறகு வருபவர் ரொக்கத்தோடு வருகிறார், அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார். ஏற்கெனவே ஒரு நிறுவனத்தில் கடன் வாங்கியவர் குறைந்த வட்டிக்காக வேறு வங்கிக்கு மாற்ற நினைத்தால், அங்கேயும் இதே கேள்விதான். மகள் கல்யாணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் வீட்டை வைத்துக் கடன் பெற முடியாதவர் கடைசியில் கந்துவட்டிக்காரரிடம் போய் நிற்கிறார். கந்துவட்டியைத் தடுக்க 2003 இல் சட்டம் போட்ட அரசே அந்த வாசலுக்கு வழிகாட்டலாமா?

2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கட்டட நிறைவுச் சான்றிதழைச் சரிபார்த்த பிறகே கட்டடத்தின் பேரில் வங்கிகள் கடன் தர வேண்டும் என்கிறது. தமிழகத்தின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளோ சிறு வீடுகளுக்கு அந்தச் சான்றிதழிலிருந்து விலக்கு அளித்தன. ஓர் அலுவலகம் தேவையில்லை என்று சொன்ன தாளை இன்னோர் அலுவலகம் கேட்டால் வீட்டுக்காரர் யாரிடம் போவார்?

பிரிட்டனிலும் இப்படி ஓர் அநீதி நடந்தது. குளிரைத் தடுக்க வீட்டுக் கூரையின் உட்புறம் நுரை போன்ற ரசாயனப் பொருளைத் தெளித்துக்கொண்டவர்கள் அங்கே லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். 2020 இல் தொடங்கிய அரசு மானியத் திட்டம் ஒன்றிலும் அதற்கு இடம் இருந்தது. பின்னர், நுரை மூடிய மரச் சட்டங்களை மதிப்பீட்டாளரால் பார்க்க முடியவில்லை, ஈரம் தங்கி மரம் உளுத்திருக்கலாம் என்று கடன் நிறுவனங்கள் பல அந்த வீடுகளைக் கைவிட்டன. நுரையைச் சுரண்டி எடுக்கும் செலவு வீட்டுக்காரருடையதாயிற்று. ஊக்கப்படுத்தியவர் ஒதுங்கிக்கொள்ள நம்பியவர் தண்டம் கட்டுவது எந்த நாட்டிலும் நியாயமாகாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். கண்மாய், ஊருணி, வாய்க்கால், அரசுப் புறம்போக்கு, பூங்காவுக்கு விட்ட பொது இடம் ஆகியவற்றில் போட்ட மனைகளுக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. அவற்றை வரன்முறைக்கு வெளியே வைத்திருப்பது சரி. சாலை, வடிகால், பூங்கா இல்லாத மனைப்பிரிவுகள் பெருகக் கூடாது என்ற நீதிமன்றத்தின் கவலையும் எங்கள் கவலைதான். மழைக்காலத்தில் அந்தத் தெருக்களில் தண்ணீரில் நடப்பவர்கள் நாங்கள்.

அங்கீகாரமற்ற மனைகளுக்கு ஒப்புதல் பெற வழிசெய்து 2017 மே 4 இல் வந்த வரன்முறை விதிகளை வரவேற்றோம். கால அவகாசம் பலமுறை நீட்டிக்கப்பட்டதே திட்டம் மக்களை முழுமையாகச் சென்றடையவில்லை என்பதற்குச் சாட்சி. மனைப்பிரிவு முழுமைக்கும் முதலில் ஒப்புதல் வேண்டும். அதற்கு விண்ணப்பிக்க வேண்டிய புரமோட்டர் இடத்தை விற்றுவிட்டுப் போய்விட்டார். கட்டணம் மனைக்காரர் தலையில் விழுகிறது. இந்த இடைவெளியில் ‘வரன்முறை வாங்கித் தருகிறேன்’ என்று பணம் பிடுங்கும் இடைத்தரகர்களையும் கண்டிக்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள்:

1. ஒப்புதல் பெறாத மனைப்பிரிவுகளின் பட்டியலைச் சர்வே எண்ணோடு அரசு வெளியிட்டு, விண்ணப்பத்துக்குக் காத்திராமல் தானே வரைபடம் தயாரித்து ஒப்புதல் வழங்க வேண்டும்.

2. வரன்முறைக் கட்டணத்தையும் வளர்ச்சிக் கட்டணத்தையும் முதலில் புரமோட்டரிடம் வசூலிக்க வேண்டும். அவர் கிடைக்காத இடங்களில், அந்த மனைகளின் பதிவால் அரசுக்குக் கிடைத்த வருவாயிலிருந்து ஈடுகட்ட வேண்டும்.

3. வரன்முறை ஆணை பெற்ற வீடுகளுக்குக் கடன் மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மாவட்ட முன்னோடி வங்கி இதைக் கண்காணிக்க வேண்டும்.

4. விலக்குப் பெற்ற சிறு வீடுகளுக்கு நிறைவுச் சான்றிதழுக்குப் பதிலாக வங்கிகள் ஏற்கும் ஆவணம் எது என்பதை அரசு ஆணையாக அறிவிக்க வேண்டும்.

5. அனுமதியற்ற மனை விளம்பரங்கள் மீது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் தானாக முன்வந்து நடவடிக்கை எடுக்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவர்கள் பத்திரம், வில்லங்கச் சான்று, வங்கி மறுத்த கடிதம் ஆகியவற்றின் நகல்களோடு சங்கத்தை அணுக வேண்டுகிறோம். அவற்றைத் தொகுத்து, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுவாக அளிப்போம். உரிய பதில் வராவிட்டால் நகர் ஊரமைப்பு அலுவலகம் முன்பு அறவழியில் ஆர்ப்பாட்டம் நடத்துவோம். பணத்தை வாங்கிக்கொண்ட அரசு பொறுப்பையும் ஏற்கும்வரை ஓய மாட்டோம்.

இவண்,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்
மதுரை